பதினேழாம் நம்பர் விளக்கம் தரவில்லை

அந்த ஆய்வு நிலையத்திலிருந்து வெளியே போக ஒரே ஒரு வாசல்தான். வாசலில் இடுப்பளவு உயரத்தில் ஒரு சுழல் கம்பி. அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு எரியும், கம்பி சுழலும், மனிதன் வீட்டுக்குப் போவான். சிவப்பு எரிந்தால் கம்பி சுழலாது, மனிதன் வீட்டுக்குப் போகமாட்டான். இதில் புரியாமல் போக எதுவும் இல்லை. ஆனாலும் அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம், சொட்டு அந்தச் சிவப்பு விளக்கின் முன்னால் பதினோரு நிமிஷம் நின்றார். பின்னால் வரிசையில் நின்ற நாற்பது பேரும் பெருமூச்சு விட்டார்கள். அந்தக் காற்றிலேயே கம்பி சுழன்றிருக்க வேண்டும். சுழலவில்லை.

சொட்டு என்பது அவர் பெயர் இல்லை. இருபத்தெட்டு வருஷமாகக் கண்ணாடிப் புனலின் குழாயைத் திருகித் திரவத்தைச் சொட்டுச் சொட்டாகக் குடுவைக்குள் விடுகிற வேலை செய்து வந்ததால் ஒட்டிக்கொண்டது. நிமிஷத்துக்கு இருபது சொட்டு என்றால் இருபதுதான் விழும். இருபத்தொன்றாவது சொட்டு அவர் அனுமதிக்காகக் குழாயின் நுனியில் காத்துக்கொண்டு நிற்கும் என்று சொல்வார்கள். நான் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் பொய் சொல்கிற ஆட்கள் இல்லை.

காவலாளி கணினித் திரையை எட்டிப் பார்த்து, அவருடைய பரிசோதனை இன்னும் நடந்துகொண்டிருப்பதாகக் காட்டுகிறது என்றார். குடுவையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாயிற்றே என்றார் சொட்டு.

"கழுவிட்டா முடிஞ்சதா ஆகாது சார். பெரியவர் ஒத்துக்கணும்."

பெரியவருக்கு அப்போது வயது இரண்டரை.

பெரியவர் என்பது ஒரு கணினி நிரல். பிளாஸ்டிக், பெயின்ட், பசை, மூக்குக் கண்ணாடியின் சட்டம் எல்லாமே பாலிமர். பாலிமர் என்பது ஒரு சங்கிலி. அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஒரு மோனோமர். மோனோமர்களில் சில, கை நீட்டுவதற்குள் ஓடிவந்து கோத்துக்கொள்ளும். சில, பத்து முறை கூப்பிட்டால் ஒருமுறை திரும்பிப் பார்க்கும். இந்தச் சுபாவத்துக்கு வினைத்திறன் எண் என்று பெயர். ஒன்றுக்குக் கீழே இருந்தால் கூச்சக்காரன். ஒன்றுக்கு மேலே ஏற ஏற முந்திரிக்கொட்டை. முன்பெல்லாம் ஓர் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொட்டு ஒரு முழு நாள் எடுத்துக்கொள்வார். பெரியவர், மூலக்கூற்றின் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு நான்கு விநாடியில் சொல்லிவிடுவார்.

பெரியவரைக் குறை சொல்லக் கூடாது. சொல்லிக்கொடுத்ததைக் கற்றுக்கொண்ட பிள்ளை. முதல் வருஷம், சொட்டு மாதிரி ஆட்களுடைய பழைய நோட்டுப் புத்தகங்களையெல்லாம் படித்துவிட்டு, எண்ணோடு கூடவே தன் சந்தேகத்தையும் சொல்லிக்கொண்டிருந்தார். 'இது ஒன்று புள்ளி இரண்டு, ஏறக்குறைய நிச்சயம்' என்பார். 'இது பூஜ்யம் புள்ளி நான்கு, ஆனால் இந்த ஜாடையில் நான் யாரையும் பார்த்ததில்லை, ஐந்து வரைக்கும்கூட இருக்கலாம்' என்பார். அந்த வருஷக் கடைசியில் அவருக்கு நடந்த திறப்பு விழாவின்போது இயக்குநர் அந்தச் சந்தேகப் பத்தியைப் பார்த்தார். இவ்வளவு பெரிய இடத்தில் இருப்பவர் இப்படித் தயங்குவது அழகாக இல்லை என்றார். மறுநாள் அந்தப் பத்தி திரையில் இல்லை. பெரியவர் உள்ளுக்குள் தயங்கிக்கொண்டுதான் இருந்தார். அதைப் பார்ப்பதற்கு யாருக்கும் அனுமதி இல்லை, அவ்வளவுதான்.

வாசல் விஷயமும் நல்லெண்ணத்தில் வந்ததுதான். ஓடிக்கொண்டிருக்கும் பரிசோதனையை விட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது பழைய பாதுகாப்பு விதி. நியாயமான விதி. அதைக் கணினியில் ஏற்றியபோது, பரிசோதனை எப்போது முடிகிறது என்று கணினி கேட்டது. முடிவை எழுதிப் பதிவு செய்யும்போது என்றார்கள். எந்த முடிவைப் பதிவு செய்யலாம் என்று கேட்டது. சரியான முடிவை என்றார்கள். எது சரியானது என்று கேட்டது. இந்த இடத்தில் கூட்டம் தேநீருக்காகக் கலைந்தது. திரும்பி வந்தபோது யாரோ அந்தக் கட்டத்தை நிரப்பியிருந்தார்கள்: பெரியவர் சொன்னதிலிருந்து நூற்றுக்கு ஐந்துக்கு மேல் விலகாதது.

இப்போது சொட்டின் கையில் இருந்தது பதினேழாம் நம்பர் மோனோமர். பழுப்புப் பாட்டில், நீல மூடி. பெரியவர் அதற்குச் சொன்ன எண் பூஜ்யம் புள்ளி நாலு ஒன்று. கூச்சக்காரன். அந்த நம்பிக்கையில் சொட்டு அதைக் குடுவையில் ஊற்றி, நைட்ரஜனைச் செலுத்தி மூடி, அறுபது டிகிரி வெந்நீரில் இறக்கிவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து மாட்டியபோது குடுவைக்குள் திரவத்தைக் கலக்கிச் சுற்றிக்கொண்டிருந்த காந்தக் கட்டை சுற்றவில்லை. பாதி திரும்பிய வாக்கில், புகைப்படத்துக்கு நின்றதுபோல நின்றது. திரவம் கல்லாகிவிட்டிருந்தது. குடுவையைத் தொட்ட விரல் கொப்பளித்தது.

அவர் அளவைக் குறைத்துக்கொண்டு, ஆற அமரத் திரும்பச் செய்தார். ஒவ்வொரு நிமிஷமும் கொஞ்சம் எடுத்துக் குளிர்ந்த மெத்தனாலில் விட்டு, திரண்ட வெள்ளைத் தூளை வடிகட்டி, உலர்த்தி, எடை போட்டுக் கணக்குப் பார்த்தார். மூன்று புள்ளி எட்டு ஏழு. இன்னொரு முறை, மூன்று புள்ளி எட்டு எட்டு. மூன்றாவது முறை மறுபடியும் எட்டு ஏழு. திரையில் அடித்தார். கட்டம் சிவந்தது. கீழே ஒரு வரி வந்தது. 'பிழை கண்டறியப்பட்டது. பிழையின் இருப்பிடம்: பரிசோதகர்.'

பக்கத்து மேஜையில் நுண் தராசைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளுக்குத் தராசு அக்கா என்று பெயர். இன்னும் நான்கு மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவள், யாருக்கும் பயப்படாதவள். எட்டிப் பார்த்தாள்.

"இதுக்கா மூணு தடவை பண்ணீங்க? நாலு ரெண்டுன்னு போட்டுட்டு வீட்டுக்குப் போங்க சார்."

பெரியவர் நாலு ஒன்று என்றுதானே சொன்னார் என்று சொட்டு கேட்டார்.

"அப்படியே போடக் கூடாது, காப்பியடிச்ச மாதிரி இருக்கும். கொஞ்சம் தள்ளிப் போடணும். இது பிளஸ் வாரம். அதனால நாலு ரெண்டு. அடுத்த வாரம் மைனஸ். சுவத்துல அட்டவணையே ஒட்டியிருக்கே, நீங்க பார்த்ததில்லையா?"

சொட்டு அன்றுதான் பார்த்தார். குளிர்பதனப் பெட்டிக்கு மேலே, தீயணைப்பு வழிமுறைகளுக்குப் பக்கத்தில், யாரோ அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். எந்த வாரம் மேலே தள்ள வேண்டும், எந்த வாரம் கீழே தள்ள வேண்டும், விடுமுறை வாரத்தில் எப்படி என்றெல்லாம் விவரம் இருந்தது. இப்படித் தள்ளிப் போட்ட எண்களையெல்லாம் வெள்ளிக்கிழமைதோறும் பெரியவருக்குப் பாடமாகப் படித்துக் காட்டுவார்கள். தான் சொன்னதை ஊரே ஒத்துக்கொள்கிறது என்று தெரிந்து பெரியவர் மேலும் தெளிவடைவார். துல்லியம் தொண்ணூற்றிரண்டில் தொடங்கி, இப்போது தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பதில் நின்றது. வரவேற்பறையில் அந்த எண்ணுக்கென்றே ஒரு விளக்குப் பலகை வைத்திருந்தார்கள்.

சொட்டும் நாலு ரெண்டு என்று போட்டுவிடுகிற ஆள்தான். பிடிவாதக்காரர் இல்லை, வீட்டுச் சாப்பாடு பிடித்தவர். விரல் விசைப்பலகைக்குப் போனது. திரையின் அடியில் ஒரு சின்ன வரி. 'இந்த எண் உறுதியானதும் தொழிற்சாலைக்குச் செல்லும் கட்டளை: ஆறு டன் ரியாக்டர் தொட்டியில் நாற்பத்தைந்து நிமிஷத்தில் ஊற்றி முடிக்கவும். நாள்: அடுத்த வாரம் வியாழன். ரியாக்டர் பொறுப்பு:' என்று போட்டு ஓர் ஊழியர் எண். அந்த எண் அவருக்கு மனப்பாடம். பண்டிகைக் கடன் மனுவிலிருந்து மருத்துவச் சீட்டு வரைக்கும் அவரே நிரப்பிக் கொடுத்திருக்கிறார். அவர் மனைவியின் தம்பியுடைய எண்.

ஒரு குடுவையளவு பதினேழாம் நம்பர் விரலைக் கொப்பளிக்க வைத்தது. ஆறு டன்னை முக்கால் மணி நேரத்தில் ஊற்றினால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட அவருக்குப் பெரியவர் தேவைப்படவில்லை. விரலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

அதனால்தான் விளக்கு சிவப்பு.

மறுநாள் காலை மனைவி சாப்பாட்டு கேரியரோடு வாசலுக்கு வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் இவர். நடுவில் காவலாளி, எதையும் கேட்காதவர்போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் ஏதோ ஒரு எண்ணைப் போட்டுட்டு வீட்டுக்கு வர்றாங்க. உங்களுக்கு மட்டும் எண்ணே வரலையாமே. தராசு அக்கா போன் பண்ணிச் சிரிக்குது."

"எண் வந்துடுச்சு. அதான் பிரச்சினை."

"வந்த எண்ணை வச்சுக்கிட்டு அவங்க கேக்கறதைக் குடுங்களேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எங்கிட்ட எத்தனை தடவை அப்படிக் குடுத்திருக்கீங்க."

சொட்டு ரியாக்டர் விஷயத்தைச் சொன்னார். யார் அதன் பக்கத்தில் நிற்கப்போகிறான் என்பதையும் சொன்னார். அவள் கேரியரின் பிடியைக் கொஞ்ச நேரம் மேலும் கீழுமாக ஆட்டினாள்.

"அப்ப உள்ளயே இருங்க" என்றாள். பிறகு, "போர்வை கொண்டு வர்றேன்" என்றாள்.

அவர் கருத்தரங்கு அறையில் படுத்துக்கொண்டார். அந்த நிலையத்தில் எல்லோரும் தூங்கிப் பழகிய இடம் அதுதான்.

புதன்கிழமை பரிசோதகர் சீரமைப்புக் குழு கூடியது. தராசு, வெப்பமானி எல்லாவற்றையும் வருஷத்துக்கு ஒருமுறை சரிபார்க்கிற அதே குழு. பிழையின் இருப்பிடம் பரிசோதகர் என்று பதிவாகியிருப்பதால் பரிசோதகரைச் சரிபார்க்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். சொட்டை ஒரு மேஜைமேல் உட்கார வைத்தார்கள். மேஜை சமதளமாக இருக்கிறதா என்று முதலில் ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள். நீரின் உறைநிலையில் ஒருமுறையும் கொதிநிலையில் ஒருமுறையும் சரிபார்ப்பது நடைமுறை என்றார் ஓர் உறுப்பினர். கொதிநிலையைத் தள்ளுபடி செய்யலாம் என்று சொட்டு வேண்டிக்கொண்டார். அதைப் பரிவோடு பரிசீலித்து, வெந்நீர் குடிக்கச் சொன்னார்கள். நூறு சொட்டு விடச் சொல்லி எண்ணினார்கள். நூறு விழுந்தது. சந்தேகப்பட்டு மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் நூறு. கடைசியில் அவர் சட்டைக் காலரில் ஒரு பச்சைச் சீட்டை ஒட்டினார்கள். 'சரிபார்க்கப்பட்டது. அடுத்த சரிபார்ப்பு ஒரு வருஷத்துக்குப் பின். வெயிலில் வைக்க வேண்டாம்.'

சீரமைக்கப்பட்ட சொட்டு நான்காம் முறை செய்தார். மூன்று புள்ளி எட்டு ஏழு.

பரிசோதகர் மேல் குற்றம் இல்லையென்றால் மிஞ்சியிருப்பது மோனோமர்தான் என்று வெள்ளிக்கிழமை இன்னொரு குழு கண்டுபிடித்தது. பதினேழாம் நம்பருக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் தயாரானது. கணிக்கப்பட்ட நடத்தையிலிருந்து ஏறத்தாழ ஒன்பது மடங்கு விலகி நடந்துகொண்டதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது, மூன்று வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும். கடிதத்தை வழங்கியதற்கு அத்தாட்சியாகப் பெறுபவர் கையெழுத்து வேண்டுமே என்று எழுத்தர் தயங்கினார். பாட்டிலின் மேலேயே ஒட்டிவிட்டால் பெற்றுக்கொண்டதாகக் கருதலாம் என்று சட்டப் பிரிவு தெளிவுபடுத்தியது. மூன்று நாள் பாட்டில் எதுவும் சொல்லவில்லை. புதன்கிழமை விசாரணை. பாட்டிலுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். சொட்டுக்குப் போடவில்லை, அவர் சாட்சிதான்.

இயக்குநரே தலைமை தாங்கினார். நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசமாட்டார், கடிந்து எழுதுவார்.

"விளக்கம் தர வாய்ப்பளிச்சும் பதினேழாம் நம்பர் தரலை. அதனால ஒருதலைப்பட்சமா முடிவெடுக்கிறோம்" என்று தொடங்கிய இயக்குநர், சொட்டு பக்கம் திரும்பினார். "உங்களை நான் தப்பா நினைக்கலை. உண்மைக்கு இந்த நிறுவனம் எதிரியே இல்லை. உண்மை நேரத்தோட வரணும், வரிசையில நிக்கணும், ஏற்கனவே அச்சடிச்ச அறிக்கையோட ஒத்துப் போகணும். இந்த மூணையும் தவிர உண்மைகிட்ட நாம வேற என்ன கேட்டோம்?"

ஒன்றும் கேட்கவில்லை என்று குழு தலையாட்டியது.

"முன்னாடி எழுபது பேர் பரிசோதனை பண்ணாங்க. எழுபது பேரும் ஆளுக்கொரு தடவை தப்புப் பண்ணாங்க, தப்பைத் திருத்திக்கிட்டாங்க, மறுபடி பண்ணாங்க. ஒரே சத்தம். பெரியவர் வந்தப்புறம் ஒரு தப்பு நடந்திருக்கா? ஏன் நடக்கலை? தப்பைப் பதிவு பண்ண இடமே இல்லாம அவ்வளவு நேர்த்தியா அமைச்சிருக்கோம்."

சொட்டு ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார். பெரியவருடைய மறைத்து வைத்த சந்தேகப் பத்தியை, இந்த ஒரு பாட்டிலுக்கு மட்டும் திறந்து பார்க்கலாமா என்று கேட்டார்.  பிறர் மனசில் இருப்பதைத் தோண்டிப் பார்ப்பது நாகரிகம் இல்லை என்றார் இயக்குநர்.

தீர்ப்பு இப்படி. பதினேழாம் நம்பர் கண்டிக்கப்படுகிறது. இனிமேல் கணித்தபடி நடந்துகொள்ளும் என்று நிறுவனம் நம்புகிறது. நாளைய ரியாக்டர் ஓட்டம் திட்டமிட்டபடி நடக்கும், ஏனென்றால் விருந்தினருக்கு அழைப்பு அனுப்பியாகிவிட்டது. சொட்டு தன் முடிவைப் பதிவு செய்யும் வரை அவருடைய பரிசோதனை நிலுவையில் இருக்கும், அவரும்தான்.

அன்று பிற்பகல் மைத்துனன் வாசலுக்கு வந்தான். தொழிற்சாலை சாலைக்கு எதிர்ப்பக்கம்தான். பெரிய உருவம், சின்னக் குரல். கம்பியின் மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டான்.

"என்ன மாமா, கழுத்துல சீட்டெல்லாம் ஒட்டிக்கிட்டு. எவ்வளவு போட்டிருக்கு?"

"சிரிக்காதடா. நாளைக்கு நீ லீவு போடு."

"போடலாம். பக்கத்து ஷிப்ட்காரன் வந்து நிப்பான். அவனுக்கு ரெண்டு பொண்ணு. பரவாயில்லையா?"

சொட்டு காலரில் இருந்த சீட்டின் நுனியைக் கிள்ளினார்.

"எவ்வளவு நேரத்துல ஊத்தினா தாங்கும்? அதை மட்டும் சொல்லு மாமா."

"ஒன்பது மணி நேரம். கூலிங் முழுசா தொறந்து வச்சு. வால்வைத் தலைமுடி அளவு திருகி, சொட்டுச் சொட்டா. விழுந்தது கோத்து முடிச்சப்புறம்தான் அடுத்தது விழணும். முள்ளு எழுபதைத் தொட்டா நிறுத்து."

"ஒன்பது மணி நேரம்னு பதிவேட்டுல எழுத முடியாது. நாப்பத்தஞ்சுக்கு மேல எழுதினா கட்டம் சிவந்துடும், அப்புறம் உனக்குப் பக்கத்துலயே எனக்கும் பாய் போடணும். அக்கா ரெண்டு கேரியர் தூக்கணும்." அவன் கொஞ்ச நேரம் காதைச் சொறிந்தான். "ஊத்தறதுக்கு முன்னாடி வால்வு சோதனைன்னு ஒண்ணு இருக்கு. கொஞ்சம் தொறந்து விட்டு ஒழுங்கா விழுதான்னு பாக்கணும். அதுக்கு எவ்வளவு நேரம்னு போட்டிருக்கு தெரியுமா? 'திருப்தி ஏற்படும் வரை.'"

"உனக்கு எப்பத் திருப்தி ஏற்படும்?"

"நான் சீக்கிரம் திருப்தி ஆகற ஆள் இல்லை மாமா. உன் தங்கச்சியைக் கட்டறதுக்கு முன்னாடி எத்தனை பொண்ணு பார்த்தேன்னு உனக்கே தெரியுமே."

வியாழக்கிழமை விடிந்ததும் அவன் வால்வைச் சோதிக்க ஆரம்பித்தான். அதை யாரும் பார்க்க வரவில்லை. வால்வு சோதனைக்கு அழைப்பிதழ் கிடையாது. ஆய்வகத்தின் சாலைப் பக்கத்து ஜன்னலிலிருந்து பார்த்தால் தொழிற்சாலையின் கூரை மட்டும் தெரியும். சொட்டு அந்த ஜன்னலில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தொலைபேசியில் பேச முடியாது, ரியாக்டர் கூடத்தில் கைபேசிக்குத் தடை. கூரையையே பார்த்தார். கூரை ஒரு தகவலும் தராது. கூரை இருந்தால் எல்லாம் சரி, அவ்வளவுதான் அதன் அகராதி. தராசு அக்கா இரண்டு முறை தேநீர் கொண்டு வந்து வைத்தாள். இரண்டையும் அவளே குடித்தாள். பதினோரு மணிக்குக் கூரைமேல் கொஞ்சம் ஆவி எழுந்தது. சொட்டு எழுந்து நின்றார். அது சமையல்கூடத்து ஆவி என்று தராசு அக்கா சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார். அவருடைய வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே மெல்லத் திருகிக்கொண்டிருந்தன, இல்லாத ஒரு குழாயை.

நான்கு மணிக்கு இயக்குநரும் விருந்தினரும் கூடத்துக்குப் போனார்கள். அதற்குள் மைத்துனனுக்கு ஏறக்குறைய முழுத் திருப்தி ஏற்பட்டிருந்தது. ஆறு டன்னில் மிச்சம் இருந்தது இரண்டு வாளி. இயக்குநர் பொத்தானை அழுத்தினார். அந்த இரண்டு வாளியும் எல்லோரும் பார்த்திருக்க, மிகக் கம்பீரமாக நாற்பத்தைந்து நிமிஷம் விழுந்தன. வெப்பமானியின் முள் அசையவே இல்லை. கைதட்டினார்கள். கூச்சக்காரன் என்று பெரியவர் சொன்னது அப்படியே பலித்துவிட்டது.

காவலாளி ஓடிவந்து சொன்னபோது சொட்டு முக்காலியில் உட்கார்ந்தபடியே முகத்தைத் துடைத்துக்கொண்டார். பத்து நாளில் முதல்முறையாக அவருக்குப் பசித்தது.

அந்த வெற்றியின் விளைவுகள் வரிசையாக வந்தன. கண்டனத்துக்குப் பின் பதினேழாம் நம்பர் திருந்திவிட்டது என்று கோப்பில் குறித்தார்கள். நாற்பத்தைந்து நிமிஷம் என்ற கட்டளை இன்னும் ஆறு தொழிற்சாலைகளுக்குப் போனது. அதைக் கச்சிதமாக நிறைவேற்றிய ஒரே ஆள் என்பதால் மைத்துனனைப் பயிற்றுநராக உயர்த்தி, ஆறு இடங்களுக்கும் போய்ச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். அவன் வாசலுக்கு வந்து, "மாமா, நான் போய் என்னத்தைச் சொல்லிக்கொடுக்க?" என்று கேட்டான். எப்படி எழுதுவது என்பதை முதல் நாள் சொல்லிக்கொடு, எப்படி ஊற்றுவது என்பதை இரண்டாம் நாள் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிக்கொடு என்றார் சொட்டு. அவன் அப்படியே செய்தான். ஆறு தொழிற்சாலைகளிலும் வால்வுகள் விடிந்ததும் சோதிக்கப்பட்டன. யாருக்கும் சீக்கிரம் திருப்தி ஏற்படவில்லை.

இனி யாருக்கும் ஆபத்தில்லை. வீம்பு பிடிக்க ஒரு காரணமும் மிச்சமில்லை. இதெல்லாம் முடிந்து வந்த ஒரு திங்கட்கிழமை காலையில் சொட்டு முகம் கழுவி, போர்வையை மடித்து, கேரியரைக் கழுவி வைத்துவிட்டுக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். எந்த வாரம் என்று தராசு அக்காவைக் கேட்டார். மைனஸ் என்றாள். பூஜ்யம் புள்ளி நாலு என்று அடித்தார். கட்டம் எண்ணை வாங்கிக்கொள்ளவில்லை. சாம்பல் நிறத்தில் இருந்தது. சிவக்கக்கூட இல்லை.

இயக்குநர் அறைக்குப் போனார். தாம் பிடிவாதத்தை விட்டுவிட்டதாகவும், பெரியவர் சொன்னதே சரி என்றும், கையெழுத்துப் போட வந்திருப்பதாகவும் சொன்னார். இயக்குநர் பதறிப்போய் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படியெல்லாம் அவசரப்பட்டு முடிவெடுக்காதீங்க. வெளியிலேர்ந்து ஆய்வுக் குழு வந்தாங்க இல்லையா, எல்லாத்தையும் பார்த்துட்டு, நூத்துக்கு நூறு சரின்னா நம்பற மாதிரி இல்லையே, ஒரு தப்புக்கூடவா வரலைன்னு கேட்டாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்பத்தான் உங்க ஞாபகம் வந்துச்சு. உங்க பரிசோதனையைக் காட்டினேன். பாருங்க, இங்க ஒருத்தர் ஒத்துக்கவே மாட்டேங்கறார், அவரை நாங்க அப்படியே விட்டு வச்சிருக்கோம்னேன். அசந்துட்டாங்க. இவ்வளவு நேர்மையான நிறுவனத்தைப் பார்த்ததே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க."

"அய்யா, நான் வீட்டுக்குப் போகணும்."

"தொண்ணூத்தொன்பது புள்ளி ஒன்பது எட்டு. அந்த மிச்சம் ரெண்டு யாரு? நீங்க. நீங்க ஒத்துக்கிட்டா நூறு ஆயிடும். நூறு ஆயிட்டா யாரும் நம்பமாட்டாங்க. நம்பிக்கையே உங்க தலையிலதான் நிக்குது, கொஞ்சம் அசையாம இருங்க."

மேஜைமேல் ஏற்கனவே உத்தரவு தயாராக இருந்தது. பதவி: நிரந்தரப் பிழை, முதல் நிலை. பணி: புதிதாக வரும் மோனோமர்களைச் சோதித்து, மாதத்துக்கு ஒன்றுக்குக் குறையாமல் பெரியவரோடு முரண்படுதல். தனி அறை, ஜன்னலோடு. வெளியே போவது பற்றி என்று கேட்டதற்கு, பரிசோதனை முடிவடையாத நிலையில் பரிசோதகர் வெளியேறுவது விதிக்கு முரண் என்பதால் அது குறித்துத் தெளிவுரை கேட்டுக் கோப்பு மேலே போயிருப்பதாகச் சொன்னார். எவ்வளவு மேலே என்று சொட்டு கேட்டார். இயக்குநர் அண்ணாந்து பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் வேலையைத் தொடங்கினார். பதினெட்டாம் நம்பருக்குப் பெரியவர் ஒன்று புள்ளி ஒன்று என்றிருந்தார். சொட்டு செய்து பார்த்தார். ஒன்று புள்ளி ஒன்றுதான் வந்தது. பிள்ளை நன்றாகத்தான் சொல்லியிருக்கிறது என்று மனசுக்குள் தட்டிக்கொடுத்தார். பிழை செய்யத் தவறியதற்கு விளக்கம் கேட்டு அவருக்குக் கடிதம் வந்தது. பாட்டிலைப்போல அவரும் பதில் சொல்லாமல் இருந்து பார்த்தார். கடிதத்தை அவர் முதுகில் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

பத்தொன்பதில் ஏழு மடங்கு வித்தியாசம் வந்தது. இருபதில் நான்கு. இருபத்தொன்றில் ஒன்றும் இல்லை. வந்ததை வந்தபடி எழுதினார், ஏனென்றால் அந்தக் கட்டடத்தில் வந்ததை வந்தபடி எழுத அனுமதிக்கப்பட்ட ஒரே ஆள் இப்போது அவர்தான்.

இந்தச் செய்தி ஆறு தொழிற்சாலைகளுக்கும் எப்படியோ போய்விட்டது. மைத்துனனைக் கேட்டால் தனக்குத் தெரியாது என்பான். செவ்வாய்க்கிழமைதோறும் வாசலில் ரியாக்டர்காரர்கள் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். கையில் ஒரு துண்டுக் காகிதம், காதில் பேனா. பெரியவர் சொன்ன எண் அவர்களிடம் ஏற்கனவே இருக்கும், அச்சடித்து, சட்டம் போட்டு. அவர்களுக்கு வேண்டியது மற்ற எண். சொட்டு கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று மெதுவாகச் சொல்வார், அவர்கள் குறித்துக்கொண்டு போவார்கள். வரிசை பெரிதானதும் நிர்வாகம் ஒரு பார்வையாளர் பதிவேடு வைத்தது. அதில் எழுதாமல் யாரும் யாரையும் பார்க்க முடியாது.

பதிவேடு வந்த அன்றைக்கு வரிசையில் முதலில் நின்றது அவர் மனைவி. பின்னால் பதினோரு பேர். காவலாளி பதிவேட்டைத் தள்ளி, பேனாவைக் கொடுத்து, பதவியைச் சரியாக எழுதச் சொன்னார், இல்லாவிட்டால் தன்னைத்தான் கேட்பார்கள் என்றார். அவள் கேரியரைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து எழுதினாள்.

பார்க்க வந்தது யாரை: நிரந்தரப் பிழை.

உறவு: கணவர்.